அப்பச்சிக்கு மறதி, 19 வருடமாகச் சர்க்கரை: இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

கோட்டையூரான் எழுதியது:

வணக்கம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) 72 வயது. காரைக்குடியில் ஒரு மண்டியில் 35 வருடம் கணக்கெழுதியவர். ஒண்ணே கால் வட்டிக்கு ஏழு மாசம் பதினோரு நாளுக்கு எவ்வளவு என்று கேட்டால், நான் கால்குலேட்டரைத் தட்டி முடிப்பதற்குள் பேனாவைத் தொடாமல் பைசா வரை சொல்லிவிடுவார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்த ஏடு) எழுத அவரைத்தான் உட்கார வைப்பார்கள். போன தை மாதம் பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் எழுதும்போது பெண் வீட்டுக் கோயிலையே மாப்பிள்ளைக்கும் எழுதிவிட்டார். இரண்டு பேருக்கும் நேமம்! நம் நகரத்தார் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் என்றால் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கூடாது. சபையே சிரித்தது, அவரும் சிரித்தார். ஆனால் பக்கத்தில் இருந்த எனக்கு அவர் கை நடுங்கியது தெரிந்தது.

அதற்கப்புறம் கவனித்தால் நிறைய இருக்கிறது. பெட்டகச் சாவியை எங்கே வைத்தோம் என்று ஒரு நாளைக்கு நாலு தடவை தேடுகிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார். ஆனால் எல்லா நாளும் ஒன்றுபோல் இல்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. சில நாள் பழைய அப்பச்சிதான். சில நாள் விடிகாலையிலும், அப்புறம் பதினோரு மணி வாக்கிலும் ஆளே வேறு மாதிரி, நம்மைப் பார்ப்பார், பார்வை நம்மிடம் இருக்காது.

53 வயதில் சர்க்கரை வந்தது. பிரஷரும் உண்டு. அறுபதாம் கல்யாணம் முடிந்ததிலிருந்து கவிச்சி சாப்பிடுவதில்லை. போன மாதம் ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1, டாக்டரே பாராட்டி அனுப்பினார். ஒரு வருடத்தில் 6 கிலோ குறைந்திருக்கிறார். மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினோம், நாலு நிமிடத்தில் “வயசானா அப்படித்தான்” என்று முடித்துவிட்டார்.

இப்போது வாட்ஸாப்பில் ஒன்று சுற்றுகிறது, அல்சைமர் என்பதே ‘மூன்றாம் வகைச் சர்க்கரை’தானாம், சர்க்கரை மூளையைத் தின்றுவிடுமாம். அதைப் படித்ததிலிருந்து ஆத்தா இரவில் அவருக்குச் சோறு போடுவதையே நிறுத்திவிட்டது, ஒரு இட்லியும் மோரும்தான். இன்னும் இறுக்கிப் பிடித்தால் மறதி நிற்குமா? நான் இருப்பது பெங்களூரில். வயது 46.

வேப்பங்குச்சி எழுதியது:

வாட்ஸாப்பில் வந்தது உண்மைதான் தம்பி. அரிசியை முழுசாக நிறுத்துங்கள். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய், வல்லாரைப் பொடி, மூளைக்குக் கொழுப்புதான் நல்ல எரிபொருள். இங்கிலீஷ் மாத்திரையை ஒவ்வொன்றாக விட்டுவிடலாம், 48 நாளில் வித்தியாசம் தெரியும்.

மருந்துக்கடை, தேவகோட்டை, எழுதியது:

வேப்பங்குச்சி அண்ணே, வல்லாரைத் துவையல் நானும் சாப்பிடுகிறேன், அதோடு நிறுத்திக்கொள்வோம். மாத்திரையை விடச் சொல்லாதீர்கள். அதிலும் சர்க்கரைக்கு ‘கிளிப்ளோசின்’ என்று முடிகிற மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறவர் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறி ஐசியூ வரை போகலாம். மெஷினில் சர்க்கரை 200-க்குள் காட்டிக்கொண்டே இருக்கும்போதுகூட அது வரும், அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

கோட்டையூர்த் தம்பிக்கு ஒரே ஒரு வேலை சொல்கிறேன். அப்பச்சியின் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டி, பட்டைகளைப் பின்பக்கம் திருப்பிப் போட்டோ எடுங்கள். முன்பக்கம் இருக்கிற பெயர் வேண்டாம், பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர்தான் வேண்டும். 26 வருடமாகக் கடையில் நிற்கிறேன். மதுரையில் ஒரு டாக்டர், ஊரில் ஒரு டாக்டர், மகள் வீட்டுக்குச் சென்னை போனபோது ஒரு டாக்டர் என்று மூன்று சீட்டு வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குகிறார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு ஆச்சி மஞ்சள் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், பச்சை மாத்திரை பின்னால் என்று ஒழுங்காகச் சாப்பிட்டுவந்தார். இரண்டும் கிளிமிபிரைடு, சர்க்கரையை இறக்கும் ஒரே மருந்து. அந்த வீட்டிலும் “ஆச்சிக்குப் புத்தி தடுமாறுது” என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஏ1சி 6.1 என்று நீங்கள் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும்தான் பயம் வந்தது.

ஸ்டெதாஸ்கோப் எழுதியது:

நான் இந்தப் பக்கம் பொது மருத்துவம் பார்ப்பவன். மருந்துக்கடைக்காரர் பயப்பட்ட இடம் சரியான இடம். அதற்கு வருமுன் உங்கள் கேள்விக்குப் பதில்.

தொடர்பு உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம். மூளை உடம்பின் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள். சர்க்கரையும் பிரஷரும் கெட்ட கொழுப்பும் வருடக்கணக்கில் அந்தக் குழாய்களைத் தடிக்க வைத்து அடைக்கின்றன. கண்ணின் விழித்திரையில் நடப்பதும் கிட்னியில் நடப்பதும் மூளையிலும் நடக்கிறது, மூளையில் நடப்பது வெளியே தெரியாது, அவ்வளவுதான். இன்னொரு வழியும் இருக்கிறது. இன்சுலினை உடைத்து அப்புறப்படுத்தும் ஒரு நொதி, அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தையும் உடைக்கிறது. இன்சுலின் எப்போதும் அதிகமாகவே இருந்தால் அந்த நொதிக்கு அதை உடைக்கவே நேரம் சரியாக இருக்கும், அமிலாய்டு தேங்கிவிடும் என்று ஒரு விளக்கம். இன்னும் முழுதாக நிரூபணம் ஆகவில்லை. ‘மூன்றாம் வகைச் சர்க்கரை’ என்ற பெயர், அல்சைமர் வந்த மூளையில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று கண்டதிலிருந்து வந்தது, 2005 வாக்கில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் சூசான் டி லா மான்ட் குழு வைத்த பெயர். ஆய்வாளர்கள் வைத்த பெயரே தவிர, அப்படி ஒரு நோயை எந்த டாக்டரும் சீட்டில் எழுதுவதில்லை. சர்க்கரையே இல்லாமல் அல்சைமர் வந்தவர்களும், 40 வருடம் சர்க்கரையோடு இருந்து கடைசி வரை தெளிவாகப் பேசியவர்களும் என்னிடமே உண்டு.

சரி, இப்போது முக்கியமானது. இந்தச் சேதம் 72 வயதில் தொடங்குவதில்லை. லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேரைப் பல வருடம் பின்தொடர்ந்த வொயிட்ஹால் ஆய்வில் 2021-இல் ஒரு கணக்கு வந்தது. 70 வயதில் நிற்பவர்களை எடுத்துக்கொண்டால், 60-க்கு முன்பே சர்க்கரை வந்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு, சர்க்கரையே இல்லாதவர்களைவிட இரண்டு மடங்குக்குச் சற்றே அதிகம். அதே 70 வயதில், கடைசி ஐந்து வருடத்துக்குள் சர்க்கரை வந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, நாற்பதிலும் ஐம்பதிலும் நடப்பதுதான் கணக்கு. 46 வயது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் ஏ1சி என்ன? கேட்டு வைக்கிறேன்.

இதிலிருந்து பலர் தவறான முடிவுக்குப் போகிறார்கள். அதிகச் சர்க்கரை மூளைக்குக் கெடுதல் என்றால் குறைத்துக்கொண்டே போனால் மூளை தெளியும் என்று. அக்கார்ட் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஏ1சி 6-க்குக் கீழே இறுக்கிப் பிடித்தார்கள், இன்னொரு பிரிவை 7-க்கும் 8-க்கும் நடுவே விட்டார்கள். 40 மாதம் கழித்து ஞாபகசக்திப் பரிசோதனையில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. அது போகட்டும், இறுக்கிப் பிடித்த பிரிவில் சாவு கூடியதால் அந்தச் சிகிச்சையையே பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. கலிபோர்னியாவில் 16,667 சர்க்கரை நோயாளிகளை வைத்து 2009-இல் வந்த ஆய்வு அதைவிட நேரடியானது: ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்தவர்களுக்குப் பின்னால் மறதி நோய் கூடுதலாக வந்தது, மூன்று தடவையோ அதற்கு மேலோ தாழ்ந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மூளை சர்க்கரையைச் சேமித்து வைப்பதில்லை, அன்றாடம் வாங்கி அன்றாடம் செலவழிக்கிற வீடு அது. கடை சாத்தினால் பட்டினி.

இப்போது அப்பச்சி. விடிகாலை, பதினோரு மணி. எடை குறைகிறது, சாப்பாடு குறைகிறது, மாத்திரை மட்டும் குறையவில்லை. அந்த நேரங்களில் சர்க்கரை தாழ்கிறதோ என்பதுதான் என் சந்தேகம். அல்சைமரில் சாயங்காலம் குழப்பம் கூடுவது உண்டு, ஆனால் சாப்பிட்டதும் தெளிவது அதன் குணம் இல்லை. குழப்பமாக இருக்கும்போது சாப்பிட்டால் தெளிகிறாரா என்று ஆத்தாவிடம் கேளுங்கள், விடிகாலையில் பனியன் நனைந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். பிரஷருக்கு அட்டெனலால் வகை மாத்திரை இருந்தால் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிவிடும், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். விடிகாலை 3 மணிக்கும் காலை 11 மணிக்கும் மூன்று நாள் மெஷினில் பாருங்கள். கூடவே பி12 வைட்டமின், தைராய்டு, சோடியம், கிட்னிக்கான கிரியேட்டினின். சர்க்கரைக்குத் தரும் மெட்பார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 உறிஞ்சப்படுவது குறையும், அவர் கவிச்சியையும் விட்டு 12 வருடம் ஆகிறது. பி12 குறைவால் வரும் மறதி, ஊசி போட்டால் தேற வாய்ப்பு உண்டு. அந்த நாலு நிமிட டாக்டர் இதையாவது எழுதிக் கொடுத்திருக்கலாம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அவரைப் பார்க்கிற டாக்டரிடம் இந்தக் குறிப்போடு போங்கள். இந்த வயதில், மறதியும் சேர்ந்திருப்பவருக்கு ஏ1சி 8-க்குள் இருந்தால் போதும் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். இரவில் சோறு போடச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் மருமகள் எழுதியது:

டாக்டர் சொன்ன பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது, ஆனாலும் வீட்டில் வைத்துப் பார்த்தவள் என்ற முறையில் இரண்டு விஷயம்.

என் மாமியாருக்கு மறதி தொடங்கியபோது எல்லாரும் ஞாபகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், காதைப் பார்க்கவில்லை. எங்கள் வீடும் உங்கள் வீடு மாதிரிதான் இருக்கும், எட்டுப் பங்கு, ஏழு பங்குக்காரர்கள் வெளியூரில், கல்யாணம் கருமாதிக்குத்தான் கதவு திறக்கும். அந்தப் பெரிய வளவில் ஒரு மனுஷி. கூப்பிட்டால் சத்தம் நாலு தூணிலும் பட்டுத் திரும்பி வரும், அவருக்கு மட்டும் கேட்காது, கேட்காததால் பேச்சு குறைந்தது, பேச்சு குறைந்ததால் நாங்கள் சொன்னது மனசில் ஏறவேயில்லை. நாங்கள் அதை மறதி என்று நினைத்தோம். காது மெஷின் வாங்கி மாட்டியபின் பாதி ‘மறதி’ போய்விட்டது. மீதிப் பாதி நிஜம், அது போகவில்லை, போன வருடம் தவறிவிட்டார். லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் மறதி நோய்க்குச் சொன்ன பதினான்கு காரணங்களில் சர்க்கரை, பிரஷர், உடல் பருமன், கெட்ட கொழுப்பு எல்லாம் இருக்கின்றன, கூடவே காது கேளாமையும் தனிமையும் இருக்கின்றன. எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகத்தில் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்கிறார்கள். எல்லாரும் சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறோம், ஏனென்றால் அதற்கு ஒரு நம்பர் இருக்கிறது. தனிமைக்கு எந்த லேபில் நம்பர் தருவார்கள்?

இரண்டாவது, பலகாரம். கந்தரப்பம், கவுணி அரிசி, பால் பணியாரம் எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டு, மாமியார் திருடித் தின்னும்போது பிடித்துத் திட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. 80 வயதில் ஒரு கந்தரப்பத்தால் என்ன ஆகிவிடும்? (கவுணி அரிசி நார்ச்சத்து, சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்களே, அது இருக்கட்டும், நாம் அதில் கொட்டுகிற சீனியும் தேங்காயும் யார் கணக்கு?)

உங்கள் தெருவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் ஆட்கள் வந்தால் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். ஆத்தாவால் மாதா மாதம் காரைக்குடி போய்வர முடியாது அல்லவா.

சிங்கப்பூர் தம்பி எழுதியது:

பிரஷரைக் குறைத்தால் மறதி குறையும் என்று ஒரு ஆய்வு வந்ததே, டாக்டர் அண்ணே அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

ஸ்டெதாஸ்கோப் எழுதியது:

ஸ்பிரின்ட் மைண்ட், 2019. ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர். மேல் பிரஷரை 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட 120-க்குக் கீழே வைத்தவர்களுக்கு லேசான ஞாபகக் குறைவு 19 சதவீதம் குறைவாக வந்தது. முழு மறதி நோயில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அதில் சர்க்கரை உள்ளவர்களைச் சேர்க்கவேயில்லை, அதனால்தான் இங்கே இழுக்கவில்லை. அப்பச்சி எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் 120 எல்லாம் வேண்டாம், விழுந்து தலையில் அடிபட்டால் அது தனி வம்பு.

கோட்டையூரான் எழுதியது:

மூன்று மாதம் கழித்து வருகிறேன். நடுவில் எழுதாததற்கு மன்னியுங்கள், லீவு போட்டு ஊரிலேயே இருந்தேன்.

மருந்துக்கடை அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தட்டில் கொட்டினேன். பதினொரு பட்டை. அதில் இரண்டு கிளிமிபிரைடு, ஒன்று தனியாக, ஒன்று மெட்பார்மினோடு சேர்ந்தது, இரண்டு டாக்டர், இரண்டு பெயர். 11 மாதமாக இரண்டையும் சாப்பிட்டிருக்கிறார், அதுவும் அவர் பழக்கப்படி ஒரு நாள் தவறாமல். ஆத்தா அலாரம் வைத்து விடிகாலை 3 மணிக்கு எழுந்து மெஷினில் பார்த்தது: முதல் நாள் 58, மறுநாள் 61. காலை 11 மணிக்கு 64. பனியன் நனைவதைக் கேட்டேன், “அது ரொம்ப நாளா இருக்கே, வேக்காடுன்னுல்ல நெனச்சேன்” என்றது. மார்கழியில் என்ன வேக்காடு!

பி12 138. குறைந்தது 200 இருக்க வேண்டுமாம். டாக்டர் கிளிமிபிரைடு இரண்டையும் நிறுத்திவிட்டு வேறு மாற்றினார், ஊசி போட்டார்கள், இரவுச் சோறு திரும்ப வந்தது. பத்து நாளில் அந்த வெறித்த பார்வை போய்விட்டது. இப்போது ஏ1சி 7.4, எடை 3 கிலோ ஏறியிருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். வேறு ஒரு நரம்பு டாக்டர் (இவர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்) எம்ஆர்ஐ எடுத்தார். மூளையின் சின்னக் குழாய்களில் அடைப்பு இருக்கிறது, பழையது, பல வருடமாகச் சேர்ந்தது என்றார். கடிகாரம் வரையச் சொன்னபோது எண்களை எழுதிவிட்டு முள்ளை வைக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். வட்டிக் கணக்கு இப்போது போடுகிறார், பேனா வேண்டியிருக்கிறது. ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு வந்து கூப்பிட்டார்கள், இசைகுடிமானம் இனி நான் எழுதவில்லை, மகன் எழுதட்டும் என்று சொல்லிவிட்டார். என் கையெழுத்தை நீங்கள் பார்த்ததில்லை.

டாக்டர் கேட்டு வைத்தது மனசிலேயே இருந்தது. எனக்கும் பார்த்தேன். ஏ1சி 6.2, இடுப்பு 101 செ.மீ., பிரஷர் 146.

ஸ்டெதாஸ்கோப் எழுதியது:

நம் ஆட்களில் ஆண்களுக்கு இடுப்பு 90-க்குள் இருக்க வேண்டும். 6.2 என்றால் இன்னும் சர்க்கரை நோய் ஆகவில்லை, அதற்கு முந்தின படி. இந்தியாவில் அந்தப் படியில் 13.6 கோடிப் பேர் நிற்பதாக 2023-இல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வு சொன்னது, அதனால் துணைக்கு ஆள் இருக்கிறது. அப்பச்சிக்குத் தளர்த்திப் பிடிக்கச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது, உங்களுக்கு இறுக்கித்தான் பிடிக்க வேண்டும். முதலில் அந்த 146-ஐ ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் பார்த்து எழுதுங்கள், அப்புறம் டாக்டரைப் பாருங்கள். சாப்பிட்டபின் கால் மணி நேரம் நடங்கள், மொட்டை மாடியில் போதும்.

பள்ளத்தூர் மருமகள் எழுதியது:

அப்பச்சிக்குப் பார்த்தாச்சு, மகனுக்குப் பார்த்தாச்சு. ஆத்தாவுக்கு யாராவது பார்த்தீர்களா? 19 வருடமாக அவருக்குக் கொடுக்காத பலகாரத்தை எல்லாம் வீணாகக் கூடாது என்று தின்றது யார்?

கோட்டையூரான் எழுதியது:

பார்க்கவில்லை ஆச்சி. நாளைக் காலை ஆறரைக்கு லேப் பையனை வரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஆத்தாவிடம் சொல்லவில்லை.